தக்காளி விலை இறங்கும்போது உடம்புக்குள் நடப்பது

பாலக்கோடு மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு விலைக்குக் காத்திருக்கும் விவசாயியின் கைகளைக் கவனியுங்கள். துண்டை உதறித் தோளில் போடுவார், மறுபடி எடுப்பார். போனைப் பார்ப்பார், வைப்பார். இன்றைய விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே தேறாது என்று மனசு கணக்குப் போட்ட சில நொடிகளில், சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. அதன் பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெல்ல ஏறி, சுமார் 20, 30 நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது.

ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. விலை விழுந்தால் ஓட இடமுமில்லை, எதிர்க்க ஆளுமில்லை. ராத்திரி படுத்த பிறகும் அதே கணக்கு மனசில் ஓடினால், அடங்க வேண்டிய நேரத்திலும் உடம்பு அடங்குவதில்லை. மாதக்கணக்கில் இது நீடித்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் ஏறலாம்.

ஒரே விலை எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லையே, ஏன்? ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மேன் என்ற உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தந்தார்கள். மனசு இரண்டு கேள்விகள் கேட்கிறது: இதனால் எனக்கு என்ன கெடுதல்? சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது? சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவருக்கு இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் உண்டு. கந்துவட்டிக்கு வாங்கிச் சொட்டுநீர்க் குழாய் போட்டவருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் 'கவலைப்படாதே' என்று சொல்வதால் எதுவும் நடப்பதில்லை. அந்தக் கேள்விக்கு அது பதிலே இல்லை.

சமாளிக்கும் வழியையும் அவர்கள் இரண்டாகப் பார்த்தார்கள். ஒன்று, பிரச்சினையையே கையில் எடுப்பது. இன்னொன்று, அது கிளப்பும் தவிப்பைத் தணிப்பது. எதற்கு எது என்று மாறிப்போவதில்தான் பாதி அவதி என்பேன். இன்றைய விலை நம் கையில் இல்லை. ஆனாலும் ராயக்கோட்டை மண்டியில் என்ன விலை போச்சு என்று நாளெல்லாம் விசாரிக்கிறோம். கடன் தவணை பேசித் தள்ளிவைக்கக் கூடியது. அதை மறக்கக் குடிக்கிறோம். குடி சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

கையில் உள்ளதற்கு நாள், இடம் குறித்த திட்டம் நன்றாக வேலை செய்யும். 'தவணையைப் பற்றிப் பேசணும்' என்று நினைப்பதைவிட, 'செவ்வாய்க்கிழமை பால் ஊற்றிவிட்டு நேரே கடன் சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடம் கேட்பேன்' என்று முடிவு செய்பவர் அதைச் செய்துமுடிக்க வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்.

கையில் இல்லாததற்கு மூச்சு உதவும். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், விடுவதை நீட்டிச் சில நிமிடங்கள் செய்தால் படபடப்பு இறங்குவது தெரியும். அப்புறம், வாய்விட்டுச் சொல்வது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைவதை 2007இல் மேத்யூ லீபர்மேன் குழு மூளை ஸ்கேனில் பார்த்தது. நம் பக்கத்து ஆண்கள் 'ஒண்ணுமில்லை' என்று முடித்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 'பயமா இருக்கு' என்று வீட்டில் சொல்லலாம்.

இரண்டு வாரமாகியும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தை அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். உடனே அழையுங்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை யாராவது உடனே அப்புறப்படுத்துங்கள்.