விஸ்காசிட்டி: பாகுநிலையா, பிசுக்குமையா?

ஆயில் டின்னின் மேல் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் போட்டிருப்பது அந்த எண்ணெயின் விஸ்காசிட்டி தரத்தை. மெக்கானிக்குகள் 'கட்டி', 'திக்னஸ்' என்பார்கள். பள்ளிப் பாடத்தில் அது பாகுநிலை. சிலர் பிசுக்குமை என்றும் எழுதுகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள், எதை எழுதினால் என்ன என்றுதான் நானும் இருந்தேன். தோப்பில் மரம் அறுக்கும் மிஷினுக்கு எண்ணெய் வாங்க வேண்டி வந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

விஸ்காசிட்டியின் வேர் 'விஸ்கம்' என்ற லத்தீன் சொல். நம் மாமரத்தில் ஒட்டிக்கொண்டு வளரும் புல்லுருவிக்கு உறவான ஒரு செடியின் பெயர் அது. அதன் பழச்சதை பசை போல ஒட்டும். முன்பு அதை அரைத்துக் குச்சியில் தடவி வைத்துக் குருவி பிடித்தார்கள். அந்தப் பசைக்கும் விஸ்கம் என்றே பெயர். ஆக, சொல் பிறந்த இடத்தில் அதன் பொருள் ஒட்டுதல். இயற்பியல் அதை எடுத்துக்கொண்டபோது பொருள் நகர்ந்துவிட்டது. பாயும் பொருளின் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் நழுவும்போது ஏற்படும் உள் உராய்வு, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, என்பதே இன்றைய பொருள். ஒட்டுகிறதா இல்லையா என்பது இந்த வரையறையில் இல்லவே இல்லை.

இதனால்தான் பாகுநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. வெல்லப்பாகு காய்ச்சியவருக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து சளசளவென்று ஊற்றும் பாகு, இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமானால் மெதுவாக வழியும். சூடு ஏறினால் இளகும், ஆறினால் இறுகும். எஞ்சின் ஆயிலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமும் இதுதான். 10டபிள்யூ-40 எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கும் அலகு). அதுவே 40 டிகிரியில் ஏறத்தாழ 90-ஐத் தொடும். அப்படியானால் சென்னை வெயிலில் நிற்கும் வண்டிகூட, ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில், எண்ணெயைப் பொறுத்தவரை குளிர்ந்த வண்டிதான்.

டபிள்யூ என்பது 'வெயிட்', அதாவது எடையைக் குறிக்கும் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைச் சொல்லும். எண் குறையக் குறைய, இன்னும் கடுமையான குளிரிலும் ஓடும். பின்னால் வரும் எண் எஞ்சின் சூடேறிய நிலைக்கானது. 30 தரம் என்றால் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 வரை, 40 தரம் என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30, 40 என்பவை அளவுகள் அல்ல, வகுப்புப் பெயர்கள் மட்டுமே.

புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 போடச் சொல்கிறார்கள். "தண்ணி மாதிரி இருக்கே, எஞ்சின் தாங்குமா?" என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். தயவு செய்து வேண்டாம். அந்த எஞ்சின்களின் இடைவெளிகளும் ஆயில் பம்பும் மெல்லிய எண்ணெயை நம்பி வடிவமைக்கப்பட்டவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. கட்டியான எண்ணெய் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் சரி.

இப்போது மரம் அறுக்கும் மிஷினுக்கு வருவோம். அதற்கு இரண்டு எண்ணெய். ஒன்று பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில். பல மிஷின்களுக்கு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. இது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோக வேண்டியது. கார் ஆயில் அப்படி எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, கலந்தால் சாம்பலும் கரியும் படியும். இன்னொன்று செயினுக்கும் அது ஓடும் பட்டைக்கும் தனித் தொட்டியில் ஊற்றுவது. எனக்குச் சொல் விளங்கியது இங்கேதான். செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவு வேகத்தில் ஓடுகிறது. பட்டையின் முனையில் வளையும்போது, வெறும் பாகுநிலையை மட்டும் நம்பிய எண்ணெய் தெறித்துப் போய்விடும். அதனால் செயின் ஆயிலில் நீண்ட இழை மூலக்கூறுகள் கொண்ட ஒட்டுப்பொருளைச் சேர்க்கிறார்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் நூல் வரும், பாகில் கம்பிப் பதம் பார்ப்பது போல.

பிசின், பிசுக்கு, பிசுபிசுப்பு எல்லாமே ஒட்டும் குணத்தைச் சொல்பவை. குருவி பிடித்த விஸ்கத்துக்கு நேரான தமிழ் பிசுக்குதான். ஆனால் இயற்பியலின் விஸ்காசிட்டிக்கு அந்தச் சொல் பொருந்தாது. எஞ்சின் ஆயில் டின்னில் உள்ள எண்ணுக்குப் பாகுநிலை என்றும், செயின் ஆயிலின் ஒட்டுக்குப் பிசுக்குமை என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. லத்தீன் வேர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது நாமும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பலர் காரிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். "கட்டியாகத்தானே இருக்கு" என்பார்கள். பாகுநிலை இருக்கலாம். பிசுக்குமை கிடையாது, உலோகத் தூளும் கரியும் சேர்ந்தே வரும். செயினுக்குப் போடும் எண்ணெய் திரும்பித் தொட்டிக்கு வருவதில்லை. ஊற்றியது அத்தனையும் மரத்தூளிலும், மண்ணிலும், அறுப்பவர் கையிலும் சட்டையிலும்தான் போய்ச் சேருகிறது. பழைய எஞ்சின் ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. அந்த டின்னைத் தோப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.