எடைப் பிரிவுக்காக உடம்பை வற்றவிடாதீர்கள்: ஐம்பதைத் தாண்டி ரோயிங் மெஷின் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு

உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடுகிற மாதிரி இழுக்கும் ரோயிங் மெஷின் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிற ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்காரர்கள் முதலில் கேட்பது முழங்காலைப் பற்றியோ முதுகைப் பற்றியோ இல்லை. எடையைப் பற்றித்தான். "எழுபத்தேழரை இருக்கேம்மா, எழுபத்தஞ்சுக்குள்ள வரணும், மூணு வாரம்தான் இருக்கு, ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடட்டுமா?" முதுகுவலி நாலாவது கேள்வியாகத்தான் வரும், அதுவும் வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தினால்.

ஓடினால் முட்டி வலிக்கிறது என்று ஓட்டத்தை விட்டவர்கள் பலர் இந்த மெஷினுக்கு வந்து சேர்கிறார்கள். நல்ல தேர்வுதான். உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்ளும், கால், இடுப்பு, முதுகு, கை எல்லாமே வேலை செய்யும், மழை வெயில் பிரச்சினை இல்லை. கொஞ்ச நாள் இழுத்த பிறகு நேரம் குறைய ஆரம்பிக்கும், தன் வயதுக்காரர்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறார்கள் என்று இணையத் தரவரிசையில் பார்ப்பார்கள், அங்கேயே பிடித்துக்கொள்ளும் போட்டிப் பித்து. அதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, அறுபது வயதில் ஒருவருக்குப் போட்டி ஆசை வருவது மாத்திரை மருந்தால் வரவழைக்க முடியாத விஷயம். சிக்கல், 'லைட்வெயிட்' என்ற பிரிவைப் பார்த்ததும் ஆரம்பிக்கிறது.

கான்செப்ட்2 என்ற நிறுவனத்தின் ரோயிங் மெஷின் தரவரிசையில் ஆண்களுக்கு 75 கிலோ, பெண்களுக்கு 61.5 கிலோ, அதற்குள் இருந்தால் லைட்வெயிட். நிஜப் படகில் இந்த வரம்பு இன்னும் கறார்: ஆண்களுக்கு 72.5, பெண்களுக்கு 59. ஒலிம்பிக்கில் 1996 முதல் இருந்த இந்தப் பிரிவு 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. தண்ணீரில் எடை கூடினால் படகு இன்னும் அமிழும், நீரின் தடை கூடும், அதனால் கனமானவருக்கு அங்கே ஒரு தண்டனை இருக்கிறது. மெஷினில் அது கிடையாது. இருக்கை தண்டவாளத்தில் உருளுகிறது, உங்கள் எடையை மெஷின் எங்கேயும் தூக்கிச் சுமக்கவில்லை. உயரமாக, கனமாக இருப்பவர் நீளமாகவும் பலமாகவும் இழுப்பார், ஜெயிப்பார். அதை ஈடுகட்டத்தான் பிரிவே வந்தது.

இதிலிருந்து வரும் முடிவைத்தான் பலர் யோசிப்பதில்லை. மலையேற்றத்திலோ ஓட்டத்திலோ இரண்டு கிலோ குறைந்தால் அதற்கு ஒரு பலன் தெரியும். ரோயிங் மெஷினில் எடை குறைவதால் மட்டும் ஒரு நொடிகூட மிச்சமாகாது. குறைந்த எடையோடு தசையும் போயிருந்தால் நேரம் கூடத்தான் செய்யும்.

கணக்கைப் பார்ப்போம். 500 மீட்டருக்கு 2 நிமிடம் 15 நொடி என்ற வேகத்தில் போனால் போட்டித் தூரமான 2000 மீட்டரை 9 நிமிடத்தில் முடிப்பீர்கள், திரை காட்டும் சக்தி சுமார் 142 வாட்ஸ். 2:10 வேகத்துக்கு வர வேண்டுமென்றால் 159 வாட்ஸ் வேண்டும். ஐந்து நொடிக்கு 12 சதவீதம் கூடுதல் சக்தி! வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், அது அந்த மெஷின் வேலை செய்யும் விதம். அந்தக் கூடுதல் 17 வாட்ஸ் பெரும்பாலும் தொடையிலிருந்தும் பிட்டத் தசையிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். இரவுச் சாப்பாட்டை நிறுத்தி அவசரமாக எடை குறைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து கரைவதும் அதே தசைதான். வயதாக ஆகத் தசை தானாகவே குறைந்துகொண்டு வருகிறது, அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகம் பிடிக்கிறது. போனதைத் திரும்பக் கொண்டுவர இருபது வயதுக்காரருக்கு ஆகும் காலத்தைவிட நமக்கு அதிகம் ஆகும்.

அதனால் எங்கள் அறையில் எடை பார்ப்பதற்கு முன் இரண்டு சோதனை செய்வோம். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள் என்போம். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அப்புறம் கைப்பிடி பலம். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ, அதற்குக் கீழே போனால் தசை இழப்பு நோயின் சந்தேகம் என்பது 2019-ல் ஆசியர்களுக்காக வகுத்த அளவுகோல். போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறவர் இதில் தடுமாறினால், எடைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன்.

நம் ஆட்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, 170 செ.மீ. உயரம், 77 கிலோ. இவர் 75-க்கு வந்தாலும் பிஎம்ஐ 26-ஐ ஒட்டித்தான் நிற்கும், சிங்கப்பூரில் ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். ஆக, இவர் எடை குறைப்பது உடம்புக்கு நல்லதுதான், சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் அதை ஆறு மாதத்தில், பயிற்சியோடு, புரதத்தோடு செய்ய வேண்டும், போட்டி நாளைக் குறிவைத்து மூன்று வாரத்தில் இல்லை. இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. இயல்பாகவே 60, 62 கிலோ இருக்கும் மெலிந்த மனிதர்கள். லைட்வெயிட் என்ற சொல்லைப் பார்த்ததும் இவர்களும் ஏதோ குறைக்க வேண்டும் போல என்று சோற்றைப் பாதியாக்கிவிடுகிறார்கள். ஐயா, உங்களுக்கு இன்னும் 13 கிலோ இடம் இருக்கிறது! 75 கிலோக்காரரோடு ஒரே பிரிவில் நின்று போட்டியிடப் போகிறீர்கள், உங்களுக்கு இரண்டு கிலோ தசை கூடினால் அது கொண்டாட வேண்டிய செய்தி.

தண்ணீரை வற்றவைப்பது இதைவிட மோசம். எடை பார்ப்பது பொதுவாகப் போட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால். அதனால் முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் உடுப்பு போட்டுக்கொண்டு பார்க் கனெக்டர் பாதையில் ஓடி, ஒன்றரை கிலோ, இரண்டு கிலோவை வியர்வையாக வெளியேற்றிவிட்டு, எடை பார்த்ததும் ஒரு பாட்டில் ஹண்ட்ரட் பிளஸ் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. சரியாகாது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் போனாலே தாக்குப்பிடிக்கும் திறன் குறைய ஆரம்பிக்கும், இழந்ததை ஒரு மணி நேரத்தில் முழுசாக மீட்க முடியாது. 1997-ல் அமெரிக்காவில் இப்படி எடையை வற்றவைக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இறந்தார்கள். அவர்கள் இளைஞர்கள். நமக்கோ தாக உணர்வே மழுங்கிப்போயிருக்கும், சிறுநீரகமும் முன்போல் இல்லை, இரத்த அழுத்த மாத்திரை வேறு.

மாத்திரை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், உதாரணமாக ஹைட்ரோகுளோரோதயசைட், இரத்த அழுத்தத்துக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படுபவை, பல கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். இவை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இன்சுலினும் அதே பட்டியலில்தான். அந்த விதிகளைப் பின்பற்றும் போட்டி என்றால் மருத்துவக் காரணத்துக்கான விலக்கு வாங்க வேண்டும், அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை எடுப்பவர்கள் பட்டினி கிடந்து, தண்ணீரும் குறைத்து, கடுமையாகப் பயிற்சியும் செய்தால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் அபாயம் உண்டு, அப்போது சர்க்கரை அளவு ரொம்ப உயராமலேகூட இருக்கலாம். மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், காரணம் தெரியாத சோர்வு என்றால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் எடுத்தால் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்பிப் பயிற்சி செய்ய முடியாது, மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். மற்றவர்களுக்கு 208-லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாக வரும், 62 வயதுக்கு 165. இதெல்லாம் உங்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டக் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேச வேண்டியவை. போட்டிக்குப் போகிறேன் என்று அவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். பலர் "உடற்பயிற்சி செய்யறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள், பூங்காவில் நடக்கிறார் போலிருக்கிறது என்று அவரும் தலையாட்டிவிடுகிறார்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

புதிதாக உட்காருபவர்கள் பக்கவாட்டு நெம்புகோலை நேராக 10-ல் வைப்பார்கள், 10 என்றால் முதல் தரம் என்ற நினைப்பு. அது சைக்கிள் கியர் மாதிரி, கஷ்டத்தின் அளவு இல்லை. மெலிந்த, வயதான உடம்புக்கு 3 முதல் 5 வரை போதும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் மெஷினின் பிஎம்5 திரையில் 'டிராக் ஃபேக்டர்' என்ற காற்றுத் தடை எண்ணைப் பாருங்கள், 100 முதல் 125-க்குள் வைத்துக்கொள்ளலாம். உறைக்குள் தூசி அடைத்த ஜிம் மெஷினில் அதே 4-ல் வேறு எண் காட்டும், அதனால் போகிற இடத்தில் எல்லாம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

முதுகுவலி எங்கே பிறக்கிறது என்று காட்டுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒல்லியானவர், எங்கள் மெஷினில் உட்கார்ந்து இழுத்துக் காட்டினார். முதல் ஐந்து நிமிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவது நிமிடம் வாக்கில் முன்னால் போகும்போது இடுப்பு மடங்குவது நின்றுவிட்டது. கைப்பிடியோ இன்னும் முன்னால் போக வேண்டும் என்று நினைக்கிறார், அந்த மிச்சத் தூரத்தைக் கீழ் முதுகு வளைந்து கொடுத்தது. குதிகால் ரொம்ப மேலே தூக்கிக்கொண்டது, முழங்கால் அக்குள்வரை வந்தது. அங்கிருந்து உதைக்கும்போது கால் நீண்டுவிட்டது, கைப்பிடி இருந்த இடத்திலேயே இருந்தது, இருக்கை மட்டும் தனியாகப் பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. கால் கொடுத்த சக்தி சங்கிலிக்குப் போகாமல் வளைந்த முதுகிலேயே தங்கியது. "அங்கிள், அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, முதுகில் கையை வைத்துக் காட்டினேன். "இது நான் வளைக்கலையேம்மா, தானா வளையுது" என்றார். நிஜம்தான், களைப்பில் தானாகத்தான் வளையும்.

பாதப் பலகையைத் தாழ்த்தினோம், பாதம் கீழே இருந்தால் இடுப்பு மடங்க இடம் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு செங்குத்தாக வந்ததும் அங்கேயே திரும்பிவிடச் சொன்னேன், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட முன்னால் போக வேண்டாம். இழுக்கும்போது கால், பிறகு உடம்பு, கடைசியில் கை. முன்னால் திரும்பி வரும்போது கை, உடம்பு, கால். திரும்பும்போது கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்கால் மடங்க வேண்டும். அப்புறம், முக்கால் மணி நேரம் ஒரேயடியாக இழுப்பதைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்தோம், நடுவில் எழுந்து நடக்க வேண்டும். மெஷினில் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காருவதற்கும் துடுப்பு வீரர்களின் முதுகுவலிக்கும் உள்ள தொடர்பு விளையாட்டு மருத்துவத்தில் தெரிந்த ஒன்று. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்த சூட்டோடு மெஷினில் ஏறும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. தூங்கி எழுந்ததும் முதுகெலும்பின் வட்டுகள் நீர் ஏறி விறைத்திருக்கும். கோப்பி குடித்து, பேப்பர் படித்து, ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள். விலா எலும்பில் ஓரிடத்தில் மட்டும் வலித்து, இருமினாலும் மூச்சை இழுத்தாலும் சுரீர் என்றால் அது தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம்.

பயிற்சி வாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பெரும்பகுதி மெதுவாக. நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு, பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். எட்டு ஒன்பது நிமிடப் போட்டியில் சக்தியின் பெரும்பங்கு ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது, அதை வளர்ப்பது இந்தச் சலிப்பான வேலைதான். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் கடுமையாக, உதாரணமாக நாலைந்து தடவை 500 மீட்டர், நடுவே தாராளமான ஓய்வு. கடுமையான இரண்டு நாட்களுக்கு நடுவில் முழுசாக இரண்டு நாளாவது விடுங்கள். எடை தூக்கும் பயிற்சி வாரம் இரண்டு முறை, இதை விட்டுவிட்டு மெஷினில் மட்டும் தவம் கிடப்பவர்கள்தான் நாற்காலிச் சோதனையில் திணறுகிறார்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் மெஷின் வாங்கிப் போடுபவர்கள் கவனிக்க: நீளம் கிட்டத்தட்ட 2.4 மீட்டர், அறையில் ஜன்னலைத் திறந்து மின்விசிறியை நேராக முகத்துக்கு வையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்பு குளிராது. கீழ்வீட்டுக்காரருக்காக அடியில் ஒரு ரப்பர் பாயும் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் நான் கேட்பது ஒன்றே ஒன்று, புரதம். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது குறைந்தபட்சம், பயிற்சி செய்தால் அதன் மேல் பக்கம். 65 கிலோவுக்கு 65 முதல் 78 கிராம். காலையில் இரண்டு தோசை, சட்னி, ஒரு கோப்பி. இதில் புரதம் சொற்பம், சாம்பாரிலோ பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். சைவம் என்றால் தவு, தெம்பே என்ற சோயா உணவுகள், கொண்டைக்கடலை, தயிர். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள், இரவு ஒரே வேளையில் மீன்குழம்பும் கோழியுமாக நிரப்புவதில் பலன் குறைவு. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

போட்டி அன்று முதல் 500 மீட்டரில் பக்கத்து மெஷினைப் பார்த்து வெறிகொண்டு இழுத்துவிட்டு மூன்றாவது 500-ல் செத்துப்போவது எல்லா வயதிலும் நடப்பது. முடித்ததும் திடீரென எழுந்து நிற்காதீர்கள், இரத்தம் எல்லாம் காலில் இறங்கியிருக்கும், மயக்கம் வரும், ஐந்து நிமிடம் லேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதில் எது வந்தாலும் 2000 மீட்டரை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காமல் கைப்பிடியை விடுங்கள், பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் யாரிடம் போனாலும் மாத்திரைப் பட்டியலும் ஒரு வீடியோவும் கொண்டு போங்கள். வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து, இருக்கையின் உயரத்தில் கைப்பேசியை வைத்து எடுக்க வேண்டும், சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதுகு தெரியாது. முதல் நிமிடத்தில் எடுத்தது எனக்கு வேண்டாம், அதில் எல்லோரும் அழகாகத்தான் இழுக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.