கொடிக்கம்பம் வெளியே நிற்கிறது, நாம் திரையைப் பார்க்கிறோம்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஒரு அம்மா பள்ளிக்கு வந்தார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே வந்திருந்தார். மகன் பத்தாம் வகுப்பு. கணக்கில் 100-க்கு 19.

“சாரே, அவன் ராத்திரி பத்து மணி வரைக்கும் வீடியோ பாத்துத்தான் படிக்கான். எல்லாம் புரியுதுன்னு சொல்லுதான். பின்னே ஏன் மார்க் இல்லை?”

தவணையில் வாங்கிய போன் அது. தவணை இன்னும் முடியவில்லை. இதே கேள்வியோடு வந்த பெற்றோரை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் 24 வருடமாகக் கணக்கும் அறிவியலும் நடத்துகிறவன் நான்.

பையன் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். வீடியோ பார்க்கும்போது அவனுக்கு உண்மையிலேயே புரிந்த மாதிரிதான் இருந்திருக்கும். இந்த “புரிந்த மாதிரி”யைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் புரையிடத்தில் ஆள் தென்னை ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். கயிற்றை எப்படி மாட்டுகிறார், எப்போது உந்துகிறார் எல்லாம் நமக்குத் தெரியும். சரி, ஏறுங்கள் பார்ப்போம். கணக்கு வீடியோவும் அப்படித்தான். அடுத்த படி என்ன என்ற முடிவை ஒவ்வொரு தடவையும் வீடியோவில் இருப்பவரே எடுத்துவிடுகிறார். பிள்ளை “ஆமா, ஆமா” என்று தலையாட்டுகிறான். தேர்வறையில் கேட்பதோ அந்த முடிவை மட்டும்தான். அடுத்து எந்தச் சூத்திரம்? எந்த உறுப்பை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும்? அதை அவன் ஒரு நாளும் தானாக எடுத்துப் பழகவில்லை.

நம்பாதவர்களுக்காக ஒரு சோதனை. பத்தாம் வகுப்பில் குவிலென்சுப் பாடத்துக்கு அருமையான அசைபடம் ஒன்றைப் போட்டேன். கதிர்கள் மஞ்சளும் சிவப்புமாக வந்து வளைந்து ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. “புரிஞ்சுதா மக்களே?” என்றேன். கூரை பெயர்கிற மாதிரி “புரிஞ்சுது சாரே!” உடனே திரையை அணைத்து, ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். பொருள் எஃப்புக்கும் (லென்சின் குவியத் தூரம்) இரண்டு எஃப்புக்கும் நடுவில் இருந்தால் பிம்பம் எங்கே விழும், வரை. சரியாக வரைந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மறுநாள் அதே படத்தைக் கரும்பலகையில் ஸ்கேல் வைத்து மெதுவாக வரைந்தேன். ஒவ்வொரு கதிருக்கும் நிறுத்தி, “இது இனி எங்க போகும்?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கோடு. இந்த முறை பாதிக்கு மேல் தேறினார்கள். சுண்ணாம்புக்கட்டியின் பலமே அதன் மந்தம்தான். என் கை போகிற வேகத்துக்குப் பிள்ளையின் பென்சிலும் கூடவே வரும். திரையில் முழுப் படமும் ஒரே அடியாக வந்து விழுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறான், எடுத்த போட்டோவை வீட்டில் திறப்பதே இல்லை.

குற்றம் பிள்ளைகள் மேல் மட்டுமில்லை. என் கதையையும் கேளுங்கள். செப்டம்பர் 1-ஐ ஒட்டி நம் மாவட்டத்தில் நிழலில்லா நாள் வரும். நாம் இருப்பது 8 பாகை வடக்கில் அல்லவா, சூரியன் ஏப்ரல் 11 வாக்கில் ஒரு தடவையும் செப்டம்பர் 1 வாக்கில் ஒரு தடவையும் நேர் உச்சிக்கு வந்து போகும். அதைப் பற்றி ஒரு வீடியோ சேர்த்து வைத்திருந்தேன். ஜன்னலையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, ஏதோ வெளிநாட்டு மைதானத்தில் ஒரு கம்பத்தின் நிழல் சுருங்குவதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சாரே, நம்ம கொடிக்கம்பம் வெளியதானே நிக்கி?”

வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் வெளியே ஓடினோம். 12 மணிக்குக் கம்பத்தடியில் கொஞ்சம் நிழல் மிச்சமிருந்தது. “வீடியோல உச்சி வேளையில நிழல் இருக்காதுன்னு சொன்னானே?” என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். காத்திருந்தோம். 12.20 வாக்கில்தான் நிழல் கம்பத்துக்கடியில் போய் ஒளிந்தது. ஏன் 20 நிமிடத் தாமதம்? இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கத்தில் போகும் 82½ பாகைக் கோட்டுக்கு உரியது, நாம் இருப்பது 77 பாகையும் கொஞ்சமும். வித்தியாசம் ஏறத்தாழ 5 பாகை. பாகைக்கு 4 நிமிடம். அந்தக் கணக்கை நான் சொல்லித்தரவில்லை. மண்ணில் குச்சியால் எழுதி அவர்களே போட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்புக்கு வந்து வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திரையில் திறந்து, மற்ற நாட்களில் சூரியன் எந்த வழியில் போகிறது என்று காட்டினேன். அன்றைக்குத் திரையைப் பார்த்த மாதிரி அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சமநிலை என்று எல்லோரும் பேசுகிறார்கள். இருபது நிமிடம் திரை, இருபது நிமிடம் பலகை என்று பங்கு வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் என்பது பெரிய விஷயமில்லை. எது முதலில் என்பதுதான் விஷயம். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதற்கு முதலில் காகிதத்தை வெட்டி மூன்று முனைகளையும் ஒட்டிப் பார்க்கட்டும். அப்புறம் ஜியோஜீப்ரா என்கிற கணித மென்பொருளில் முனையைப் பிடித்து இழுத்தால், எப்படி இழுத்தாலும் 180 மாறாததைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். முதலிலேயே ஜியோஜீப்ராவைக் காட்டினால் “ஓ, அப்படியா” என்பார்கள், அவ்வளவுதான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் ஒரு தடவை கூட்டிப் போனேன். பாகைமானி, நூல், ஒரு கல், பழைய பேனாக்குழாய், இவ்வளவுதான் கருவி. பறளியாற்றங்கரையில் நின்று கோணம் அளந்து உயரம் கண்டுபிடித்தார்கள். குழுவுக்குக் குழு விடை வேறு. ஒரு குழு தங்கள் கண்ணின் உயரத்தைச் சேர்க்க மறந்திருந்தது. அந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு போனை எடுத்துப் பார்த்தோம், 115 அடி. போனுக்கு அதுதான் சரியான இடம்.

நான் திரைக்கு எதிரி இல்லை. துடிக்கிற இதயத்தையும் பிரிகிற செல்லையும் நான் எந்தச் சுண்ணாம்புக்கட்டியால் காட்டுவது? 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கிற க்யூஆர் கோடு, காய்ச்சலில் கிடந்து ஒரு வாரம் வராத பிள்ளைக்குப் பெரிய உதவி. பார்வை குறைந்த ஒரு மாணவி டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி முதல் முறையாக யார் துணையும் இல்லாமல் வாசித்த நாளை நான் மறக்கமாட்டேன். 2020-ல் பள்ளிகளைப் பூட்டியபோது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸாப்பும் இல்லையென்றால் பல பிள்ளைகளுக்குப் பாடம் என்பதே மறந்துபோயிருக்கும். ஆனால் திரையில் மூழ்கிப் பார்த்த நாடுகளே யோசிக்க ஆரம்பித்துவிட்டன. 2023-ல் ஸ்வீடன் அச்சுப் புத்தகங்களை வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவரத் தனியாகப் பணம் ஒதுக்கியது. நாம் இன்னும் அட்மிஷன் நேரத்தில் “ஸ்மார்ட் கிளாஸ் உண்டுமா சாரே?” என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்கிறோம். லேப் உண்டுமா என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

சக ஆசிரியர்களுக்கு: வீடியோவை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். நீங்கள் முதலில் முழுதாகப் பார்க்காத வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், விளம்பரம் குறுக்கே வந்து மானம் போகும். ஜூன் மாத இடவப்பாதி மழையில் கரண்ட் போகும் என்பது நமக்குத் தெரியாததா? கரண்ட் போனால் பாடமும் போகும் என்றால் அன்றைக்குப் பாடம் தயாரிக்கவில்லை என்று அர்த்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸாப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வீட்டில் இருப்பது ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பெற்றோருக்கு: கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை தருகிற ஆப் உங்கள் பிள்ளை போனில் இருக்கலாம். நோட்டைப் பார்த்து “கொள்ளாம்” என்று சந்தோஷப்படாதீர்கள். நடுவில் ஒரு வரியைக் காட்டி, “இது எப்படி வந்தது?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவன் முழிக்கிறானா, சொல்கிறானா என்று பார்க்க உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். வீடியோ பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அதே கணக்கை வெறும் தாளில் ஒரு தடவை போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்கினார். “பக்கத்துல உக்காந்தா போதும்மா” என்றேன்.

அப்புறம், ஏப்ரல் 11 வாக்கில் அடுத்த நிழலில்லா நாள். தேர்வு நேரம்தான், ஆனாலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கொடிக்கம்பம் இல்லாவிட்டால் ஒரு தண்ணீர் பாட்டிலை முற்றத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். 12.10-க்கே போய் நின்றுவிடுங்கள். மேகம் மூடிவிட்டால் கவலை வேண்டாம், மறுநாளும் பார்க்கலாம். ஒரு மீட்டர் குச்சிக்கு அன்றைக்கு நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.