ஆழமா, அகலமா? வேட்டைக் குண்டின் இயற்பியல்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் 'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இன்று படிக்கையில் உடல் கூசும் கணக்கு அது. ஆனால் குண்டுகளின் இயற்பியலைப் பேசுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. மற்ற வேட்டைக்காரர்கள் தோளைப் பதம்பார்க்கும் பெருந்துப்பாக்கிகளைச் சுமந்து திரிந்த காலத்தில், பெரும்பாலான யானைகளை அவர் வீழ்த்தியது 7 மில்லிமீட்டர் ரைஃபிளால். அதன் குண்டு வெறும் 11 கிராம்.

இது எப்படிச் சாத்தியம்? முதலில் ஒரு கணக்கு. விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் பாயும் அந்தக் குண்டு ஐந்து டன் யானையின் உடலுக்குள் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) அழியாது என்ற விதிப்படி யானைக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர். அதே உந்தம் துப்பாக்கியின் உதைப்பாகச் சுட்டவரின் தோளிலும் இறங்குகிறது. யானையைத் தள்ளிச் சாய்க்கும் வலு குண்டுக்கு இருந்தால், முதலில் மல்லாந்து விழ வேண்டியவர் வேட்டைக்காரர்தான். விலங்கு தூக்கியெறியப்படுவதெல்லாம் திரைப்படத்தில் மட்டுமே நடக்கும்.

குண்டு செய்வது துளை போடும் வேலை. மூளையையோ முதுகுத்தண்டையோ துளைத்தால் விலங்கு நின்ற இடத்தில் சரியும். இதயத்தையும் நுரையீரலையும் துளைத்தால் ரத்தம் வடிந்து சாகும். இதயம் சிதைந்த பிறகும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பத்துப் பதினைந்து விநாடி தாங்கும். அதற்குள் ஒரு மான் நூறு மீட்டர் ஓடிவிடும்.

பெல் யானை மண்டையோடுகளை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்தவர். நெற்றிக்குப் பின்னால் நிறையக் காற்றறைகள் கொண்ட தடித்த எலும்பு. அதையெல்லாம் கடந்து, வெகு பின்னால் ஒளிந்திருக்கிறது மூளை. அங்கே போய்ச் சேர ஆழம் வேண்டும், நேர்கோடு வேண்டும். அவர் எடுத்தது முழுதும் உலோக உறையிட்ட, மொட்டை முனை கொண்ட நீளமான குண்டு. முகம் சிறியது, அந்த அளவுக்கு எடை அதிகம், தடை குறைவு. மொட்டை முனைக்கும் காரணம் உண்டு. தசை காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. காற்றில் குண்டை நேராக வைத்திருக்கும் சுழற்சி அங்கே போதாது. கூர்முனைக் குண்டுக்கு எடைமையம் பின்பக்கம் இருப்பதால் அது உள்ளே குட்டிக்கரணம் அடித்துத் திசைமாறும்.

மான் வேட்டையில் இதே குண்டு மோசமானது. மெல்லிய உடலை ஊசித் துளையாகக் கடந்து மறுபக்கம் போய்விடும். அடிபட்ட மான் எங்கோ கிடந்து மெல்லச் சாகும். அதனால் மானுக்கு முனையில் ஈயம் தெரியும் குண்டு. உடலில் பட்டதும் அது காளான் போல விரியும். விட்டம் இரட்டிப்பானால் முகப்பரப்பு நான்கு மடங்கு. துளை அகலமாகும், கூடவே தடையும் நான்கு மடங்காகிக் குண்டு சீக்கிரம் நின்றுவிடும். அதிவேகக் குண்டைச் சுற்றியுள்ள திசு சில மில்லிவிநாடிகளுக்கு ஊதிப் பெருத்துச் சுருங்கவும் செய்யும். நெகிழ்வான நுரையீரல் இதைப் பெருமளவு தாங்கும், கல்லீரல் கிழிந்துபோகும்.

இதில் ஒரு முரண். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் உருவான விரியும் குண்டுகள் கொடூரமானவை என்று 1899-இல் ஹேக் மாநாடு அவற்றைப் போரில் தடைசெய்தது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டமோ, ரைஃபிளால் மானைச் சுடுவதென்றால் விரியும் குண்டு மட்டுமே என்கிறது. மனிதனுக்குக் கொடுமையானது மானுக்குக் கருணையாம். உயிர் சீக்கிரம் போக வேண்டும் என்பதே நோக்கம் என்றால் இரண்டாவது தர்க்கத்தை மறுப்பது கடினம்.

ஆழமும் அகலமும் ஒன்றாக வேண்டுமென்றால்? 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் சேறு அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டார். அருகிலிருந்து பாய்ந்த வேகத்தில் குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிப்போயின. திரும்பி வந்தவர் ஈயக் குண்டை மூடும் செம்பு உறையின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்னறையின் ஈயம் விரியும், சிதறும்; சுவருக்குப் பின்னால் இருக்கும் ஈயம் அப்படியே ஆழம் போகும். 1948-இல் விற்பனைக்கு நிறுவனமே தொடங்கிவிட்டார். அந்த வடிவம் இன்றும் விற்கிறது.

சிதறும் ஈயத்துக்கு இன்னொரு விலை இருந்தது. சுட்ட மானின் உடலை எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி நுண்ணிய ஈயத் துணுக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடலைத் தின்ற கலிபோர்னியா கான்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தன. 1982-இல் உலகில் எஞ்சியவை இருபத்திரண்டே. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்றது.

மாற்று, முழுச் செம்புக் குண்டு. முனையிலுள்ள குழிக்குள் திசு அழுந்த, அது இதழ்களாகப் பிரிந்து மடங்கும். எடை அநேகமாகக் குறையாது. ஆனால் செம்பு ஈயத்தைவிட லேசானது, கடினமானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டை நிலைநிறுத்த, துப்பாக்கிக் குழாய்க்குள் குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். தொலைதூரத்தில் வேகம் தணிந்துவிட்டால் இதழ்கள் விரியாமலே போகலாம். அப்போது அது மறுபடி பெல்லின் குண்டாகிவிடும், எதிரே நிற்பது மானாக இருந்தாலும்.