இசை குழந்தைக்கு, சொல் பாடுபவருக்கு

இத்தாலிய இசையமைப்பாளர் டார்குவினியோ மெருலா 1638-ல் வெனிஸில் அச்சிட்ட தொகுப்பில் ஒரு தாலாட்டு இருக்கிறது. மரியாள் குழந்தை இயேசுவைத் தூங்க வைக்கும் பாட்டு. அதன் பேஸ் பகுதியில், அதாவது குரலுக்குக் கீழே தாழ்ந்து ஒலிக்கும் பகுதியில், பாட்டின் முடிவுப் பகுதி வரும் வரை இரண்டே ஸ்வரங்கள்தான், இடையில் அரை ஸ்வர தூரம். ஒன்று, மற்றது, திரும்ப ஒன்று, திரும்ப மற்றது என்று பல நிமிடங்களுக்கு இதேதான் ஓடுகிறது. மேலே குரல் எங்கே போனாலும் இந்த இரண்டும் இடத்தை விட்டு அசைவதில்லை.

மேலே இருப்பதோ வேறு உலகம். இப்போது தூங்கு, அழாதே, அழ வேண்டிய காலம் பின்னால் வரும் என்று தொடங்குகிறாள் தாய். அப்புறம் குழந்தையின் உடம்பை ஒவ்வொரு உறுப்பாகப் பாடுகிறாள். இன்று பால் குடிக்கும் வாய்க்கு நாளை கசப்பும் காடியும் கிடைக்கும், இந்தக் கை கால்களில் ஆணி இறங்கும் என்கிறாள். குழந்தைக்கு வேண்டியது கீழே இருக்கும் அந்த இரண்டு ஸ்வரங்கள். பாடுபவளுக்கு வேண்டியது மேலே இருக்கும் சொற்கள். எனக்குத் தெரிந்து, தாலாட்டு வேலை செய்யும் விதத்தை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் பாட்டு வேறு இல்லை.

முதலில் கீழ்ப் பகுதியைப் பார்ப்போம். இரண்டு ஸ்வரங்கள் மாறி மாறி வருவது தொட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவதைப் போலவே ஒலிக்கிறது. தாலாட்டு பெரும்பாலும் வெறும் ஒலியாக இருந்ததில்லை, அசைவோடு சேர்ந்தே வந்தது. அந்த அசைவை உணர்வது காதின் உட்பகுதி. அங்கே மெல்லிய உணர்மயிர்களின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் படிகங்கள் கொஞ்சம் பின்தங்கி மயிர்களை வளைக்கும், உடனே மூளைக்குச் செய்தி போகும். இந்த உறுப்பு வேலை செய்யாத எலிகளை ஆட்டிவிட்டுப் பார்த்தார்கள். மற்ற எலிகளுக்குக் கிடைத்த நல்ல தூக்கம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆக, ஆட்டம் தூக்கத்தைக் கொண்டுவருவது இந்த வழியாகத்தான்.

பெரியவர்களுக்கும் இது பலிக்கிறது. ஜெனீவாவில் நடந்த ஆய்வில் இரவு முழுவதும் மெல்ல ஆடும் கட்டிலில் 18 பேரைப் படுக்க வைத்தார்கள். ஒரு முறை போய் வர 4 வினாடி. அவர்கள் ஆடாத கட்டிலில் தூங்கியதைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கமும் கூடுதலாக இருந்தது. தூக்கத்தின்போது மூளையில் எழும் அலைகள் கட்டிலின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டன. எலிகளுக்கு மட்டும் இதைவிட 4 மடங்கு வேகமாக ஆட்ட வேண்டியிருந்தது.

அழும் கைக்குழந்தையை வைத்து ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு செய்த சோதனை இன்னும் நுணுக்கமானது. உட்கார்ந்தபடி வைத்திருந்தால் அழுகை நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடந்தால் நின்றது, ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கியும் போயின. சரி, தூங்கிய குழந்தையைக் கீழே விடும்போது ஏன் விழித்துக்கொள்கிறது? முதுகு படுக்கையில் படும் நேரம்தான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். இதயத் துடிப்பை அளந்தபோது, தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு கூடுவது தெரிந்தது. தூங்கிய பிறகு இன்னும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டுப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் நீண்ட தாலாட்டுகளுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. குழந்தை கண்ணை மூடிய பிறகும் பாட்டு ஓட வேண்டும்.

அடுத்தது மெட்டு. உலகம் முழுக்கத் தாலாட்டுகளின் வேகம் குறைவு, ஸ்வரங்கள் அதிகம் தாவுவதில்லை, வரிகள் மேலிருந்து கீழே இறங்கி முடிகின்றன. மூளை ஓயாமல் அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருக்கும். கணிப்பு தப்பினால் விழிப்பு கூடும். அடுத்து வருவது எப்போதும் எதிர்பார்த்ததாகவே இருந்தால் கவனமாக இருக்க வேண்டிய தேவை குறைந்துகொண்டே போகும். மெருலாவின் பேஸ் இதைத்தான் செய்கிறது. சொற்களிலும் இதே கதை. ஆராரோ, லல்லா, நின்னா நன்னா எல்லாமே உயிரொலிகளும் ல, ர, ந போன்ற வழுக்கிச் செல்லும் மெய்களும்தான். திடீரென்று வெடித்துத் தொடங்கும் ஒலிகளுக்கு அங்கே இடமில்லை. சுமேரிய அரசன் ஷுல்கியின் மனைவி பாடுவதாக அமைந்த சுமார் 4000 ஆண்டுப் பழமையான தாலாட்டும் 'உவா, அவுவா' என்றுதான் தொடங்குகிறது. பிறகு, என் மகன் இருக்கும் இடத்துக்கு வா என்று தூக்கத்தையே கூப்பிடுகிறது.

இந்த அமைதி பழக்கத்தால் வருவதா என்று கேட்கலாம். ஹார்வர்டில் 144 குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத மொழிகளின் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். தாலாட்டு ஒலித்தபோது, மற்றப் பாட்டுகளின்போது இருந்ததைவிட இதயத் துடிப்பு குறைந்தது, கண்ணின் பாவையும் சுருங்கியது. மொழி தெரிய வேண்டியதில்லை, பாடுபவர் யார் என்றும் தெரிய வேண்டியதில்லை.

சொல் புரிய வேண்டியதில்லை என்றால் சொல் எதற்கு? இங்கேதான் மேல் பகுதிக்கு வருகிறோம். கேட்பவருக்கு அர்த்தம் எட்டாது என்பதால் பாடுபவர் எதையும் சொல்லலாம். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துத் தையல்காரர்களும் கம்பளி கத்தரிப்போரும் நடத்திய நாடகத்தில், குழந்தை இயேசுவை ஒழிக்கச் சின்னக் குழந்தைகளைக் கொல்ல உத்தரவிட்ட ஏரோது அரசனின் வீரர்கள் வருவதற்கு முன் தாய்மார்கள் பாடும் தாலாட்டு, குழந்தைகள் கொல்லப்படப் போவதையே பாடுகிறது. அதன் மெட்டு 1591-ல் எழுதி வைக்கப்பட்டது. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் எழுதப்பட்ட ஒரு பாட்டு, சின்னக் குழந்தையே ஏன் இப்படி அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, மனிதப் பிறப்பின் துன்பங்களை வரிசையாக அடுக்குகிறது. ஜப்பானின் இட்சுகி கிராமத் தாலாட்டைப் பாடியவர்கள் தாய்கள்கூட இல்லை. அடுத்தவர் வீட்டுக் குழந்தையைச் சுமக்க அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமிகள். முன்னோரை நினைக்கும் போன் பண்டிகை முடிந்தால் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று குழந்தையிடம் சொல்கிறார்கள். வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

இந்தச் சொற்கள் இசைக்கு ஒட்டிய அலங்காரம் இல்லை என்பது என் கருத்து. பாடுபவர் பதற்றமாக இருந்தால் கை இறுகும், நடை வேகமாகும், குரல் உயரும். மூன்றையும் குழந்தை உடம்பாலேயே உணர்ந்துவிடும். மெதுவான பாட்டின் நீண்ட வரி என்பது நீண்ட வெளிமூச்சு. வெளிமூச்சின்போது இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும், வரி நீளும்போது அந்த நேரமும் நீளும். டொராண்டோவில் சான்ட்ரா ட்ரஹப்பும் உடன் ஆய்வாளர்களும் தாய்மார்களை ஒரே பாட்டை விளையாட்டாகவும் தூங்க வைப்பது போலவும் மாறி மாறிப் பாடச் சொல்லி, கிளர்ச்சியோடு கூடிக் குறையும் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். தாலாட்டாகப் பாடியபோது குழந்தையின் கிளர்ச்சி அடங்கியது. பாடிய தாயினுடையதும் கூடவே அடங்கியது.