நான்கு மதிப்பெண் நகர்ந்தால் போதும்: இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பட்டங்கள் பெருகிய கணக்கு

இங்கிலாந்தில் 2010-11இல் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் முதல் வகுப்பு. பத்தே ஆண்டில், 2020-21இல், அது 38ஐ நெருங்கியது. பெருந்தொற்றுக் காலச் சலுகைகள் விலகிய 2021-22இல் 33 அளவுக்கு இறங்கினாலும், அப்போதும் அது பழைய அளவுக்கு இரு மடங்கு. இதைக் கேட்டதும் 'மாணவர்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்களா, பல்கலைக்கழகங்கள் வாரி வழங்குகின்றனவா' என்ற வாக்குவாதம்தான் முதலில் எழும். அதற்கு முன் பட்டத்தின் வகுப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. விஷயத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 60 எடுத்தால் முதல் வகுப்பு. அங்கே 70 வேண்டும். 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. இதைத்தான் 'டூ ஒன்' என்பார்கள். 50க்கு மேல் இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை, 40க்கு மேல் மூன்றாம் வகுப்பு. கட்டுரையாக விடை எழுதும் பாடங்களில் 80ஐத் தாண்டுவதே அபூர்வம். மூன்று ஆண்டுப் படிப்பில் ஆண்டுக்கு 120 கிரெடிட். ஒரு பாடத்தின் எடையைச் சொல்லும் அலகுதான் கிரெடிட். முதலாண்டு மதிப்பெண் பெரும்பாலும் கணக்கில் வராது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மதிப்பெண்களை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் தலா 20 கிரெடிட்டில் ஆறு பாடங்கள்: 48, 58, 62, 64, 66, 68. சராசரி 61. மூன்றாம் ஆண்டில் நான்கு பாடங்கள்: 66, 70, 71, 72. கூடவே 40 கிரெடிட் ஆய்வேட்டில் 72. ஆய்வேடு இரு பாடங்களுக்குச் சமம் என்பதால் அந்த ஆண்டின் சராசரி 70.5.

இரு ஆண்டுகளையும் சரிபாதியாகச் சேர்த்தால் 65.75, சந்தேகத்துக்கு இடமில்லாத டூ ஒன். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் 67.3. அதே விகிதத்தில், ஆண்டுக்கு ஒரு பாடமாக மிகக் குறைந்த மதிப்பெண்ணை நீக்க அனுமதித்தால் 48ம் 66ம் மறைந்து 68.8 ஆகிறது. '68ஐத் தாண்டி, இறுதியாண்டில் பாதி கிரெடிட்டுக்கு மேல் 70 வாங்கியிருந்தால் மேல் வகுப்புக்கு உயர்த்தலாம்' என்ற எல்லைக்கோட்டு விதியும் அங்கே இருந்தால், 120 கிரெடிட்டில் 100க்கு 70ம் அதற்கு மேலும் வைத்திருக்கும் இவருக்கு முதல் வகுப்பு. இறுதியாண்டை மட்டும் எண்ணினால் எந்த விதியின் தயவும் தேவையில்லை. விடைத்தாள் அதே, திருத்தியவரும் அதே ஆசிரியர். மாறியது கூட்டல் முறை மட்டுமே.

இத்தகைய விதிகளில் இரண்டு வகை, மதிப்பெண்ணை மேலே மட்டுமே தள்ளும். கீழே தள்ள அவற்றால் இயலாது. மிகக் குறைந்ததை நீக்கினால் சராசரி குறைய வழியே இல்லை. இரு முறைகளில் கணக்கிட்டு எது அதிகமோ அதைக் கொடுப்பதும் அப்படியே. 2020இல் பல பல்கலைக்கழகங்கள் கொண்டுவந்த 'பாதிப்பில்லாக் கொள்கை' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெருந்தொற்றுக்கு முன் வாங்கிய சராசரிக்குக் கீழே யாரையும் இறக்குவதில்லை என்பது அதன் சாரம். அந்த நெருக்கடியில் அது நியாயமான ஏற்பாடு. அதே விதி நிரந்தரமாகத் தங்கிவிட்டால் ஏற்றமும் நிரந்தரமாகிவிடும்.

இவ்வளவு சிறிய நகர்வுகள் முதல் வகுப்பை இரட்டிப்பாக்குமா? ஆக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் சராசரி 64, மதிப்பெண் பரவலின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 6 என்று வைத்துக்கொள்வோம். மணி வடிவப் பரவலில் 70க்கு மேல் இருப்பவர்கள் நூற்றுக்கு 16. சராசரி 67 ஆனால் அது 31. 68 ஆனால் 37. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே மாணவர் கூட்டம் அடர்த்தியாக நிற்பதுதான் காரணம். கூட்டம் நான்கடி நகர்ந்தால் பெருந்திரளே கோட்டைத் தாண்டிவிடும். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனாலும் 16 என்பது 38 ஆவதற்குத் திட்டமிட்ட மோசடி எதுவும் வேண்டியதில்லை என்பதை இது காட்டிவிடுகிறது.

அந்த நான்கு மதிப்பெண் பல சிறு வழிகளில் வந்து சேரும். எழுத்துத் தேர்வைவிட வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புகளில் மதிப்பெண் பொதுவாகக் கூடுதல். சில துறைகளில் 62, 65, 68, 72, 75 என்று படிப்படியாகத்தான் மதிப்பெண் போடலாம். 69, 70க்கு அங்கே இடமில்லை. எல்லையில் நிற்கும் விடைத்தாளுக்கு ஆசிரியர் 68ஆ 72ஆ என்று தீர்மானித்தாக வேண்டும். தயங்குகிற கை பெரும்பாலும் மேல் படிக்கே போகும். கற்பித்தல் மேம்பட்டதும் ஒரு பங்கு தரும். அதை மறுப்பது ஆசிரியர்களுக்குச் செய்யும் அநீதி. 2012இல் ஆண்டுக் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது, 2015இல் மாணவர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பு நீங்கியது, சில தரவரிசைப் பட்டியல்கள் முதல் வகுப்பும் டூ ஒன்னும் வாங்கியோர் விகிதத்தையே ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. இத்தனையும் சேர்ந்து ஒரே திசையில் அழுத்தின.

உயர்கல்வியைக் கண்காணிக்கும் 'ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்' இதைப் புள்ளியியல் மாதிரி கொண்டு அளக்கிறது. பள்ளி மதிப்பெண், பாடப்பிரிவு, வயது, பின்புலம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து, 2010-11இன் அளவுகோலில் இவர்களில் எத்தனை பேர் முதல் வகுப்பு பெற்றிருப்பார்கள் என்று மதிப்பிடும். மீதி 'விளக்கப்படாதது'. 2021-22இல் முதல் வகுப்புகளில் ஏறக்குறைய பாதி அந்தக் கணக்கில் விழுந்தது. இச்சொல்லைக் கவனமாக வாசிக்க வேண்டும். விளக்கப்படாதது என்றால் தகுதியற்றது என்று பொருளல்ல. பாடம் நடத்தும் முறை மேம்பட்டிருந்தால், அதை இந்த மாதிரியால் பார்க்க முடியாது.

மதிப்பெண்களைச் சரிபார்க்க வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் புறத்தேர்வாளர்கள் இதைத் தடுக்கவில்லையா? 1832இல் தொடங்கிய டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்த காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு இது. ஆனால் புறத்தேர்வாளர் பார்ப்பது அந்த ஆண்டின் விடைத்தாள் மாதிரிகளை. பத்தாண்டு முன்பு 68 வாங்கிய தாள் அவர் மேசையில் இருக்காது. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்திலும் அளவுகோல் சேர்ந்தே நகர்ந்திருந்தால் நகர்வு கண்ணுக்கே தெரியாது.

'இத்தனை பேருக்கு மட்டுமே உயர் மதிப்பெண்' என்று ஒதுக்கீடு வைத்து அடக்குவது சரிவரவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் 'ஏ' வகை மதிப்பெண்களுக்கு 35 சதவீத இலக்கு வைத்தது, 2014இல் கைவிட்டது. பத்துப் பேர் வகுப்பில் ஆறு பேர் உண்மையிலேயே நன்றாக எழுதினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒதுக்கீட்டில் பதில் கிடையாது.

பலன் தருவது அளவுகோலை இறுக்கிப் பிடிப்பது. பல பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் ஒரே விடைத்தாளைத் தனித்தனியே திருத்தி, 58க்கும் 71க்கும் இடையே ஏன் பிரிந்தோம் என்று உட்கார்ந்து பேசும் பயிற்சி ஒன்று. கூட்டல் முறை ஒன்றே ஒன்றாக இருப்பதும், அது வெளிப்படையாக இருப்பதும், முழு எண்ணாக்குவது கடைசியில் ஒரே முறை நடப்பதும் இன்னொன்று. மூன்றாவது மிக எளிது, செலவும் இல்லை: இந்த ஆண்டின் பாட மதிப்பெண்களை மாற்றாமல் பத்தாண்டு முந்தைய விதியில் போட்டு வகுப்புகளை மறுபடி கணக்கிடுவது. இரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாடு விதியால் வந்த ஏற்றம். மிச்சமுள்ள ஏற்றத்துக்குத்தான் விடைத்தாள்களைத் திறந்து பார்க்க வேண்டும்.