அண்டாவில் பூக்கும் சுண்ணாம்பு

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, சாய்த்து உள்ளே காட்டினார். அடியில் இருந்து பாதி உயரம் வரைக்கும் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. "ஏம்ப்பா, நீ படிச்சவன்தானே, இந்தப் போர் தண்ணியைக் குடிச்சா வயித்துக்குள்ளயும் இப்படித்தான் அப்பிக்கிடுமா?"

நல்ல கேள்வி. செட்டிநாட்டில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த காரைக்குடிக்காரருக்கு இந்தத் தொல்லை புரியாது, ஆனால் தேவகோட்டை ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் போர் போட்ட வீட்டுக்கெல்லாம் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, தலைமுடி நார் மாதிரி ஆகும், குழாய் வாயில் வெள்ளை மொட்டு கட்டும், கீசர் காயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போகும் (போன பொங்கலுக்கு என் வீட்டுடையதும் போனது). துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கடுகடுவென்றே நிற்கும்.

சோப்புக் கதை பள்ளியில் படித்ததுதான். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத திரையாக மாறிவிடும், அவை தீர்ந்த பிறகுதான் நுரை வரும். பருப்பு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை பெக்டின். கொதிக்கும்போது அது கரைந்தால்தான் பருப்பு மசியும். கால்சியம் நடுவில் புகுந்து பெக்டின் இழைகளைக் குறுக்கே கோத்துத் தைத்துவிடுகிறது. அந்தக் காலத்து ஆட்கள் ஊரணித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து சமையலுக்கென்று தனியாக வைத்தது வீண் சம்பிரதாயம் இல்லை, ஊரணியில் கிடப்பது மழைத் தண்ணீர், அதில் பருப்பு வெண்ணெய் மாதிரி வேகும்.

சரி, அண்டாவுக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

பள்ளியில் ஒரு சோதனை செய்திருப்போம், தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால் போல ஆகும். மூச்சில் இருக்கும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது, அதுதான் அந்த வெள்ளை. டீச்சர் அதோடு நிறுத்தச் சொல்லிவிடுவார், நோட்டில் எழுதிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்போம். ஆனால் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால்? பால் மறுபடி தெளிந்துவிடும்! கரியமில வாயு கூடக்கூடத் தண்ணீர் லேசாக அமிலமாகி, கரையாத கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கண்ணுக்குத் தண்ணீர் மாதிரி தெரியும், உள்ளே கல் கரைந்து கிடக்கும்.

ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்து சுண்ணாம்பு கேட்டு வாங்கி அன்றைக்கே செய்து பார்த்தேன். முதல் தடவை தெளியவே இல்லை, வாய்தான் வலித்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெளிந்த சுண்ணாம்பு நீரை அப்படியே எடுத்தால் அதில் இருக்கும் சுண்ணாம்பு முழுவதையும் கரைய வைக்க நம் மூச்சால் முடியாது, மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம்தான். ஒரு பங்கு சுண்ணாம்பு நீருக்குப் பத்துப் பங்கு கேன் தண்ணீர் கலந்து, ஸ்ட்ரா வைத்துப் பொறுமையாக ஊதினால் முதலில் லேசாகக் கலங்கி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெளிகிறது. (ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.) அந்தத் தெளிந்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கொதி வந்ததும் மறுபடி கலங்கியது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. சூட்டில் கரியமில வாயு தண்ணீரை விட்டு ஓடிவிடுகிறது, அது ஓடியதும் கல் நிற்க முடியாமல் வெளியே விழுகிறது.

நம் ஊர் நிலத்தடி நீர் என்பது இப்படி ஊதி ஊதித் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்தான். ஊதுவது மண். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் மண்ணுக்குள் அடைபட்ட காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு, சில இடங்களில் நம் மூச்சை நெருங்கும் அளவுக்குக்கூட இருக்கும். அதன் வழியாக இறங்கும் மழைநீர் சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கல்லையும் பாறையில் இருக்கும் கால்சியத்தையும் கரைத்துக்கொண்டு போய்த் தேங்குகிறது. வறண்ட சீமையில் புதுத் தண்ணீர் வந்து அலசுவதும் குறைவு, வெயிலில் ஆவியாவதும் அதிகம், அதனால் உப்பு இன்னும் செறிகிறது.

எவ்வளவு என்றால், இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆச்சி வீட்டில் 300 என்று வையுங்கள், அதில் பாதி கொதியில் வெளியேறும் வகை. தினம் 20 லிட்டர் வெந்நீர் என்றால் 3 கிராம், மாதத்துக்கு 90 கிராம் கல். மிச்சப் பாதி சல்பேட், குளோரைடு வகை, அது கொதித்தாலும் போகாது.

இந்த இடத்தில்தான் வியாபாரிகள் வருகிறார்கள். ஆச்சி வீட்டுக்கு ஒருவர் டிடிஎஸ் பேனாவோடு வந்து, குழாயில் ஒரு காந்தத்தை மாட்டினால் உப்பு ஓடிவிடும், 12,000 ரூபாய்தான் என்றிருக்கிறார். அந்தப் பேனா மொத்த உப்பைத்தான் தோராயமாகச் சொல்லும், சமையல் உப்பா சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. காந்தம் கால்சியத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டால் செலவு குறைவு. நிஜமாகக் கால்சியத்தை எடுப்பது ரெசின் போட்ட சாஃப்ட்னர், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அப்புறம் கல்லுப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆர்.ஓ.வும் எடுக்கும், கூடவே ஒரு பங்குத் தண்ணீரைச் சாக்கடைக்கும் அனுப்பும்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம், நம் சிக்ரி, காரைக்குடியிலேயே இருக்கிறது. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின்வாயைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி, அடுப்பே இல்லாமல் அண்டாவில் நடப்பது அங்கே நடக்கும், சுண்ணாம்பு வந்து ஒட்டும். இதை ஊர்ப் பொதுத் தொட்டிக்கு ஏற்ற மலிவான கருவியாக்கப் பணம் கேட்டால், பேட்டரிக்குக் கிடைக்கிற வரவேற்பு கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். பருப்பு வேகாததை யாரும் தேசியப் பிரச்சினையாக நினைப்பதில்லை.

ஆச்சியின் வயிற்றுக் கேள்விக்குப் பதில்: அப்பாது. வயிற்றில் இருப்பது அமிலம், அங்கே சுண்ணாம்பு கரையத்தான் செய்யும். கடின நீர் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சிறுநீரகக் கல் பயம் இருந்தால், இந்த வெயிலில் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

பேச்சோடு பேச்சாக அண்டாவில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், சொய்யென்று நுரைத்தது. வெளியேறுவது கரியமில வாயு, மண்ணுக்குள் ஏதோ ஒரு வேர் விட்ட மூச்சும் அதில் இருக்கலாம். வளவில் சுவர் ஓரமாக உதிர்ந்து கிடந்த ஒரு சில்லுக் காரையை எடுத்து அதிலும் இரண்டு சொட்டு விட்டேன். அதுவும் நுரைத்தது. காரைச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது, சுட்டபோது ஓடிப்போன கரியமில வாயுவைக் காற்றில் இருந்து மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் அந்தச் சுவர் மறுபடி கல் ஆனது. சுவரில் வாயு உள்ளே போய்க் கல், அண்டாவில் வாயு வெளியே போய்க் கல், இரண்டும் ஒரே கல்.

ஆச்சி சில்லைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். அப்புறம் எலுமிச்சம்பழத்தை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டார். "போதும்ப்பா, முட்டை வெள்ளைக்கரு ஊத்தி இழைச்ச சுவரு. அதுல போயி புழிஞ்சுப்புடாதே."